கை மட்டும் வர மறுக்கிறது: தொலைவிலிருந்து தொட்டுப் பார்க்கும் மருத்துவரை 1925இல் கற்பனை செய்த ஹியூகோ கெர்ன்ஸ்பேக்

வயிறு வலிக்கிறது. வெளியே அடைமழை. மருந்தகத்துக்குப் போக மனமில்லை. கைத்தொலைபேசிச் செயலியைத் திறந்து மருத்துவரைக் காணொளிவழி பார்க்கிறீர்கள்.

எப்போதிருந்து வலி, என்ன சாப்பிட்டீர்கள், காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிறார். அதுவரை எல்லாம் நல்லபடியாகப் போகிறது. அடுத்து, தொப்புளுக்குக் கீழே வலப்பக்கத்தை நீங்களே விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்கிறார். தசை இறுக்கமாக இருக்கிறதா? கையை எடுக்கும்போது வலி கூடுகிறதா?

உங்களுக்கு எப்படித் தெரியும்? எது இறுக்கம், எது சாதாரணம் என்பது ஆயிரம் வயிறுகளைத் தொட்டுப் பார்த்த கைக்குத்தானே தெரியும்? குடல்வால் அழற்சியாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் கடைசியில் அவர் நேரில் வரச் சொல்கிறார். மழையிலேயே கிளம்புகிறீர்கள்.

படம் வருகிறது. குரல் வருகிறது. கை மட்டும் வர மறுக்கிறது.

இந்தப் பிரச்சினையை முதன்முதலில் விலாவாரியாக எழுதி, படமும் போட்டு அச்சிட்டவர்களில் ஒருவர் மருத்துவரே அல்ல. பல்கலைக்கழக ஆய்வாளரும் அல்ல. நியூயார்க்கில் வானொலிச் சாமான்கள் விற்று, சஞ்சிகை நடத்திய ஒரு வியாபாரி. அவர் எழுதியது 1925ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். அப்போது தொலைக்காட்சிகூடக் கிடையாது.

அவர் பெயர் ஹியூகோ கெர்ன்ஸ்பேக். பெயரைக் கேட்ட மாதிரி இருக்கிறதா? அறிவியல் புனைகதைகளுக்குத் தரப்படும் ஹியூகோ விருது இவர் பெயரில்தான். நெட்ஃபிளிக்ஸில் தொடராக வந்ததே, சீன எழுத்தாளர் லியு சிஷின் எழுதிய 'த்ரீ-பாடி ப்ராப்ளம்', அந்த நாவல் 2015இல் வாங்கியது இந்த விருதைத்தான். விருது பிரபலம். விருதுக்குப் பெயர் தந்தவர் எப்படிப்பட்டவர் என்பது பலருக்குத் தெரியாது. நல்லவரா கெட்டவரா என்று கேட்டால், அவரிடம் சம்பளம் பாக்கி வைத்திருந்தவர்கள் ஒரு பதில் சொல்வார்கள், அவர் சஞ்சிகையைப் படித்து வளர்ந்த பிள்ளைகள் வேறு பதில் சொல்வார்கள். அதற்குப் பிறகு வருவோம்.

மணியடித்த சிறுவன்

கெர்ன்ஸ்பேக் பிறந்தது 1884 ஆகஸ்ட் 16, ஐரோப்பாவின் குட்டி நாடான லக்சம்பர்க்கில். யூதக் குடும்பம். அப்பா திராட்சை மது வணிகர். குடும்பப் பெயர் கெர்ன்ஸ்பேக்கர். அமெரிக்கா போன பிறகு கொஞ்சம் சுருக்கிக்கொண்டார்.

சின்ன வயதில் வீட்டில் வேலை பார்த்த ஒருவர் அவருக்கு ஒரு மின்கலம், கொஞ்சம் கம்பி, ஒரு மின்மணி ஆகியவற்றைக் கொடுத்தாராம். கம்பியை இணைத்தால் அங்கே மணி அடிக்கிறது! அவ்வளவுதான். பையன் அன்றிலிருந்து வேறு எதிலும் மனம் வைக்கவில்லை என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பதின்ம வயதிலேயே அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்கு மின்மணியும் தொலைபேசிக் கம்பியும் போட்டுக் கொடுத்தாராம்.

இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு விரல் அழுத்துகிறது, அங்கே ஏதோ ஒன்று அசைகிறது. அவருடைய வாழ்நாள் முழுக்க இந்த ஒரே வியப்புதான் வேறு வேறு வடிவத்தில் திரும்பத் திரும்ப வருகிறது.

1904இல், இன்னும் 20 வயது ஆகவில்லை, கப்பலேறி நியூயார்க் போனார். தான் வடிவமைத்த புது வகை மின்கலத்தை அமெரிக்காவில் விற்றுப் பணக்காரர் ஆகிவிடலாம் என்று திட்டம். மின்கலம் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அதைப் பெரிய அளவில் தயாரிக்கச் செலவு கட்டுப்படியாகவில்லை. திட்டம் படுத்துவிட்டது.

சோர்ந்து போகவில்லை. 1905இல் எலக்ட்ரோ இம்போர்ட்டிங் கம்பெனி என்று ஒன்று ஆரம்பித்து, ஐரோப்பாவிலிருந்து மின்சாதன உதிரிகளை வரவழைத்து அஞ்சல்வழி விற்றார். நம் ஊர் சிம் லிம் டவரை ஒரு விலைப்பட்டியல் புத்தகத்துக்குள் மடித்து வைத்த மாதிரி. அதில் 'டெலிம்கோ' என்ற பெயரில் வீட்டிலேயே பயன்படுத்தக்கூடிய கம்பியில்லாத் தந்திப் பெட்டியும் இருந்தது. விலை 10 அமெரிக்க டாலருக்கும் குறைவு. இவ்வளவு மலிவாகக் கம்பியில்லாத் தந்தியா, ஏமாற்று வேலையாகத்தான் இருக்கும் என்று யாரோ புகார் கொடுக்க, காவல்துறை அதிகாரி ஒருவர் கடைக்கே வந்துவிட்டாராம். கெர்ன்ஸ்பேக் பெட்டியை இயக்கிக் காட்டினார். எந்தக் கம்பியும் இல்லாமல் அந்தப் பக்கம் மணி அடித்தது.

விற்பனைப் பட்டியலிலிருந்து சஞ்சிகை

சாமான் வாங்கியவர்களுக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக் கொடுக்க வேண்டுமே. அதற்காக விலைப்பட்டியலில் விளக்கக் கட்டுரைகள் சேர்ந்தன. 1908இல் அது 'மாடர்ன் எலக்ட்ரிக்ஸ்' என்ற தனிச் சஞ்சிகையாகவே ஆகிவிட்டது. இன்றைக்கு யூடியூபில் ஒருவர் கருவியைப் பிரித்துக் காட்டிவிட்டுக் கீழே அதை வாங்கும் இணைப்பைப் போடுகிறார் பாருங்கள், அதே உத்தி.

1911இல் ஒரு இதழில் கொஞ்சம் பக்கம் காலியாக இருந்தது. அதை நிரப்ப அவரே ஒரு தொடர்கதை எழுத ஆரம்பித்தார். 'ரால்ஃப் 124சி 41+' என்பது தலைப்பு. கதை நடப்பது 2660ஆம் ஆண்டு. உண்மையைச் சொல்லப்போனால், கதையாக அது ரொம்பச் சுமார். பாத்திரங்கள் மரக்கட்டை மாதிரி நடப்பார்கள். இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை கதையை நிறுத்திவிட்டு ஒரு கருவியை விளக்குவார்கள். ஆனால் தொடக்கக் காட்சியைக் கவனியுங்கள். நியூயார்க்கில் இருக்கும் நாயகன், முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியில் சுவிட்சர்லாந்துப் பெண் ஒருத்தியோடு பேசிக்கொண்டிருக்கிறான். அவள் வீட்டை நோக்கிப் பனிச்சரிவு பாய்ந்து வருகிறது. அவன் இருந்த இடத்தைவிட்டு அசையாமல், தன் ஆய்வுக்கூடத்திலிருந்தே சக்தியை அனுப்பி அந்தப் பனியை உருக்குகிறான்.

பார்ப்பது மட்டும் போதவில்லை அவருக்கு. தொலைவில் இருப்பதைப் போய்த் தொட வேண்டும்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சஞ்சிகைகள் பெருகின. 'எலக்ட்ரிகல் எக்ஸ்பெரிமென்டர்', 'ரேடியோ நியூஸ்', 'சயன்ஸ் அண்ட் இன்வென்ஷன்'. கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமையும் வாங்கிக்கொண்டே இருந்தார். அதில் ஒன்று 'ஆஸோஃபோன்'. காது கேளாதவர்களுக்கான கருவி. அதைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். ஒலியின் அதிர்வு பல் வழியாக எலும்பில் ஏறி உட்காதுக்குப் போகும். இன்று கடைகளில் எலும்புவழி ஒலி கடத்தும் காதணிகள் விற்கிறார்களே, அதே கொள்கைதான். ஒரு புலனால் முடியாததை உடம்பின் வேறு வழியாகக் கொண்டுசேர்க்கலாம் என்ற எண்ணம் அவருக்கு 1920களின் தொடக்கத்திலேயே இருந்தது.

அந்த 1925 கட்டுரை

'சயன்ஸ் அண்ட் இன்வென்ஷன்' 1925 பிப்ரவரி இதழில் வந்தது 'டெலிடாக்டில்'. கிரேக்க மொழியில் டெலி என்றால் தொலைவு, டாக்டில் என்றால் விரல். தொலைவிரல் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் உடம்பு சரியில்லை என்றால் மருத்துவர் பையைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாக வருவார். இப்படி அலைந்துகொண்டிருந்தால் ஒரு நாளில் எத்தனை பேரைத்தான் பார்க்க முடியும் என்பது கெர்ன்ஸ்பேக்கின் வாதம். 50 ஆண்டு கழித்து, அதாவது 1975 வாக்கில், மருத்துவர் தன் அறையிலேயே உட்கார்ந்திருப்பார் என்று எழுதினார். முன்னால் ஒரு திரை, அதில் நோயாளி. மருத்துவரின் கைகளில் கட்டுப்பாட்டுப் பிடிகள். நோயாளியின் வீட்டில் மெல்லிய இயந்திரக் கைகள். இங்கே மருத்துவர் கையை அசைத்தால், வானொலி அலைவழியாக அங்கே அந்தக் கை அதே மாதிரி அசையும்.

இதுவரை சொன்னதை யார் வேண்டுமானாலும் கற்பனை செய்திருக்கலாம். எலிஷா கிரே என்ற அமெரிக்கர் 1880களிலேயே கையெழுத்தைக் கம்பிவழி அனுப்பும் கருவிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இங்கே பேனா அசைந்தால் அங்கே ஒரு பேனா அசையும். வங்கிகளில் அது புழக்கத்திலும் இருந்தது.

கெர்ன்ஸ்பேக் சேர்த்தது வேறு ஒன்று. அங்கே இயந்திர விரல் நோயாளியின் உடம்பில் பட்டுத் தடைபட்டால், அதே அளவு தடை இங்கே மருத்துவரின் கையிலும் தெரிய வேண்டும் என்றார். மென்மையான வயிறு என்றால் மென்மையாக. எலும்பு என்றால் கெட்டியாக. கருவி வெப்பத்தையும் ஒலியையும்கூட உணர வேண்டும், ஏனென்றால் நோயைக் கண்டறிய அவை முக்கியம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

தொடுதல் என்பது ஒருவழிப் பாதை அல்ல என்பது அவருக்குப் புரிந்திருந்தது. பார்க்கும்போது நீங்கள் பார்க்கும் பொருளுக்கு ஒன்றும் ஆவதில்லை. தொடும்போது நீங்கள் அதைத் தள்ளுகிறீர்கள். அது உங்களைத் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் திருப்பித் தள்ளுதலில்தான் தகவல் இருக்கிறது. மருத்துவர் உங்கள் கழுத்துக் கட்டியை உருட்டிப் பார்ப்பது, கல்லீரலின் ஓரத்தைத் தேடுவது, எல்லாமே அந்தத் திருப்பி வரும் விசையைக் கையால் படிப்பதுதான்.

லண்டனில் ஜான் லோகி பேர்ட், அசையும் முகத்தைத் தொலைக்காட்சியில் அறிஞர்கள் முன்னிலையில் காட்டியது 1926 ஜனவரியில். கட்டுரை வந்து கிட்டத்தட்ட ஓராண்டு கழித்து! அதாவது, திரையே இல்லாத காலத்தில், திரை மட்டும் போதாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

சரி, ரொம்பப் புகழ வேண்டாம். அதே ஆண்டு, அதே சஞ்சிகையில், கவனம் சிதறாமல் வேலை செய்ய 'ஐசொலேட்டர்' என்று ஒரு தலைக்கவசத்தையும் அறிமுகப்படுத்தினார். கண்ணுக்கு மட்டும் சிறு துவாரம், மூச்சுக்கு உயிர்வாயுக் குழாய். அதை மாட்டிக்கொண்டு மேசை முன் உட்கார்ந்திருக்கும் படத்தை நீங்கள் மீம்களில் பார்த்திருக்கலாம். அவருடைய எல்லா யோசனையும் தங்கம் இல்லை.

ஏன் இத்தனை காலம் பிடிக்கிறது?

1975 வந்தது, போனது. டெலிடாக்டில் வரவில்லை. தொலைமருத்துவம் ஆரம்பித்தது, உண்மைதான். 1968இல் பாஸ்டன் நகரின் லோகன் விமான நிலைய மருந்தகத்தையும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையையும் தொலைக்காட்சியால் இணைத்தார்கள். மருத்துவர் திரையில் பார்ப்பார். தொடுவதற்கு? நோயாளி பக்கத்தில் ஒரு தாதி நின்றார். அவருடைய கைகள்தான் அங்கே டெலிடாக்டில்.

விசையைத் திருப்பி அனுப்பும் இயந்திரக் கைகள் வேறொரு துறையில் பிறந்தன. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் கதிரியக்கப் பொருள்களை மனிதர்கள் தொட முடியாது. தடித்த சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் உள்ளதை எடுக்க வேண்டும். ரேமண்ட் கெர்ட்ஸ் என்ற பொறியாளர் 1940களின் கடைசியில் அதற்கு இயந்திரக் கைகளைச் செய்தார். 1954இல், இரு பக்கமும் மின்சாரத்தால் மட்டுமே இணைந்து, விசையையும் திருப்பிக் காட்டும் கைகளைச் செய்தார். சுவருக்கு அப்பால் ஒரு கண்ணாடிக் குவளையைப் பிடித்தால், பிடிப்பது கையில் தெரியும்.

சில மீட்டர் தூரத்துக்கு அது சரி. உங்கள் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையில்?

கண்ணை ஏமாற்றுவது எளிது. வினாடிக்கு 24 படம் காட்டினால் போதும், அசைவு என்று நம்பிவிடும். தொடு உணர்வு அப்படி ஏமாறாது. கெட்டியான பொருளைத் தொடுகிற உணர்வை நம்பும்படி தர, கருவி வினாடிக்குச் சுமார் 1,000 முறை விசையைக் கணக்கிட்டுக் கையில் காட்ட வேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவாகப் பின்பற்றும் அளவு. குறைந்தால் எலும்பு ரப்பராகத் தெரியும், அல்லது பிடி கடகடவென்று அதிரும்.

அடுத்த சிக்கல் தாமதம். உங்கள் குளியலறை வெந்நீர்க் கருவியை நினைத்துக்கொள்ளுங்கள். திருகுகிறீர்கள்; சூடு வரவில்லை. இன்னும் திருகுகிறீர்கள். திடீரென்று கொதிநீர் கொட்டுகிறது. பதறிப்போய் எதிர்ப்பக்கம் திருகினால் கொஞ்சம் கழித்துப் பனிக்கட்டி மாதிரி வருகிறது. தாமதமாக வரும் தொடு உணர்வும் இப்படித்தான். மருத்துவர் அழுத்துகிறார், ஒன்றும் தெரியவில்லை, இன்னும் அழுத்துகிறார். எதிர்விசை வந்து சேரும்போது அங்கே இயந்திரக் கை தேவைக்கு மேல் அழுந்தியிருக்கிறது. வெந்நீர் என்றால் கத்திவிட்டு விலகலாம். கீழே இருப்பது குடல்வால் அழற்சி உள்ள வயிறு.

இன்னும் வேகமான இணைய இணைப்பு வந்தால் தீர்ந்துவிடுமா? ஓரளவுக்குத்தான். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் போகும். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் போய்த் திரும்ப, வழியில் எங்குமே நிற்காவிட்டாலும் சுமார் 3 மில்லிவினாடி. நியூயார்க் போய்த் திரும்ப சுமார் 150 மில்லிவினாடி. எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனமும் இதைக் குறைக்க முடியாது. இது இயற்கை விதி.

2001 செப்டம்பர் 7ஆம் தேதி, பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஜாக் மாரெஸ்கோவின் குழு நியூயார்க்கிலிருந்தபடி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருந்த ஒரு பெண்ணின் பித்தப்பையை இயந்திரக் கைகளால் அகற்றியது. பெரிய சாதனை. தாமதம் சுமார் 155 மில்லிவினாடி. ஆனால் அதில் தொடு உணர்வு கிடையாது. கண்ணால் மட்டும் பார்த்துச் செய்தார்கள். உலகம் முழுக்கப் பயன்படும் டா வின்சி அறுவை இயந்திரமும் இருபது ஆண்டுக்கும் மேலாக அப்படித்தான் இருந்தது. திசு எவ்வளவு இழுபடுகிறது என்பதை மருத்துவர்கள் கண்ணால் பார்த்தே ஊகித்துப் பழகினார்கள். விசையை உணர்த்தும் வசதியுடன் அதன் ஐந்தாம் தலைமுறைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2024இல். அதிலும் மருத்துவர் பெரும்பாலும் அதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

தாமதத்தைச் சமாளிக்கப் பொறியாளர்களிடம் ஒரு தந்திரம் இருக்கிறது. நோயாளியின் வயிறு எப்படி இருக்கும் என்று கணினி ஒரு மாதிரியை மருத்துவரின் பக்கத்திலேயே உருவாக்கிக்கொள்ளும். மருத்துவர் அழுத்தியதும், தொலைவிலிருந்து பதில் வரும்வரை காத்திருக்காமல், அந்த மாதிரியின் விசையை உடனே கையில் காட்டிவிடும். உண்மைத் தகவல் வர வர மாதிரி திருத்தப்படும். புத்திசாலித்தனம்தான். ஆனால் எனக்கு ஒரு நெருடல். அந்த நேரத்தில் மருத்துவர் தொடுவது உங்கள் வயிற்றையா, உங்கள் வயிற்றைப் பற்றிய கணினியின் ஊகத்தையா? மாதிரிக்குத் தெரியாத ஒரு சிறு கட்டி அங்கே இருந்தால்?

அதனால் இப்போதைக்கு உண்மையில் பயனுக்கு வந்திருப்பது கொஞ்சம் அடக்கமான ஒன்று: தொலைவிலிருந்து இயக்கும் மீயொலிக் கருவி, அதாவது ஸ்கேன். மருத்துவர் தன் கையில் ஒரு போலிக் கருவியைச் சாய்க்கிறார். தொலைவில் ரோபோ உண்மையான கருவியை நோயாளியின் தோல்மீது அதே கோணத்தில் சாய்க்கிறது. பக்கத்தில் ஓர் உதவியாளர் ரோபோவைப் பிடித்து வைத்திருப்பார். கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தின் வடக்கே லா லோஷ் என்ற சிற்றூர் இருக்கிறது. 2020இல் கொவிட்-19 கிருமித்தொற்று அங்கே பரவியபோது, கர்ப்பிணிகளுக்கு இந்த முறையில் ஸ்கேன் எடுத்தார்கள். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் பல மணி நேரம் பயணம் செய்து நகரத்துக்குப் போயிருக்க வேண்டும். ஸ்கேனில் முக்கியமான தகவல் படமாக வருகிறது. கையின் வேலை கருவியைச் சரியாக வைப்பது. அதனால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

தொடு உணர்வின் மற்றப் பாதி, அதாவது இயந்திர விரலுக்கே தோல் தருவது, நம் ஊரிலும் நடக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் டீயின் ஆய்வுக் குழு 2019இல் ஒரு மின்னணுத் தோலை அறிவித்தது. மனித நரம்பு மண்டலத்தைவிட 1,000 மடங்குக்கும் மேல் வேகமாகத் தொடுதலை உணரக்கூடியது என்றார்கள். 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் லூக் ஸ்கைவாக்கர் கையை இழந்து இயந்திரக் கை பெறும் காட்சி தமக்குத் தூண்டுதலாக இருந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். கெர்ன்ஸ்பேக் கேட்டிருந்தால் அட்டைப்படமே போட்டிருப்பார்! கதை படிக்கும் பிள்ளை ஒருநாள் கருவி செய்யும் என்பதுதான் அவர் வாழ்க்கை முழுக்கச் செய்த வாதம்.

கனவை விற்றவரின் கணக்குப் புத்தகம்

டெலிடாக்டில் வெளிவந்த 1925இலேயே நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் ஹோட்டலிலிருந்து டபிள்யூ.ஆர்.என்.ஒய் என்ற சொந்த வானொலி நிலையத்தையும் தொடங்கினார். 1928இல் அதன்வழி தொலைக்காட்சிப் படங்களையும் ஒளிபரப்பினார். படம் அஞ்சல்தலை அளவு. 48 வரி, வினாடிக்கு ஏழரைப் படம். வானொலியில் வேலை பார்க்கும் நமக்கு இதைக் கேட்டாலே சிரிப்பும் பொறாமையும் சேர்ந்து வருகிறது.

1926 ஏப்ரலில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' வந்தது. அறிவியல் புனைகதைக்கு மட்டுமே என்று வந்த முதல் சஞ்சிகை. வாசகர் கடிதங்களை முகவரியோடு அச்சிட்டார். தனியாக இப்படிப்பட்ட கதைகளைப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள், சங்கம் அமைத்தார்கள். இன்றைய ரசிகர் குழுக்களுக்கெல்லாம் மூதாதை அது.

அதே சஞ்சிகையில் எழுதியவர்களிடம் கேட்டால் கதை வேறு. சன்மானம் சொற்பம், அதுவும் நேரத்துக்கு வராது. அச்சில் வந்து மாதக்கணக்கில் ஆகியும் காசு வராமல், சிலர் வழக்கறிஞர் வைத்துத்தான் வாங்கினார்கள். எதிர்காலத்தைப் பற்றி அவ்வளவு தாராளமாகக் கற்பனை செய்தவர், எழுதியவனின் இந்த மாத வாடகையைக் கற்பனை செய்யவில்லை. இதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. நானும் எழுதிச் சம்பாதிக்கும் ஆள்தானே.

1929 பிப்ரவரியில் நிறுவனம் நொடித்துப்போனது. 'அமேசிங் ஸ்டோரீஸ்', 'ரேடியோ நியூஸ்', வானொலி நிலையம் எல்லாம் கைநழுவின. சில மாதங்களில் புதுச் சஞ்சிகைகளுடன் திரும்பி வந்தார் மனிதர். டெலிடாக்டிலையும் அவர் விடவில்லை. 1950களில், தொலைக்காட்சி வீடுவீடாகப் புகுந்துவிட்ட காலத்தில், தொலைவிலிருந்து இயந்திரக் கைகளால் நோயாளியைப் பரிசோதிக்கும் மருத்துவரைப் பற்றி மறுபடியும் எழுதினார். இப்போது திரை இருந்தது. ஆர்கானில் விசையைத் திருப்பித் தரும் கையும் இருந்தது. இரண்டையும் மருத்துவத்துக்காக இணைப்பார் இல்லை.

1953இல் அறிவியல் புனைகதை ரசிகர்கள் முதன்முதலாக விருது கொடுத்தபோது, அது அவர் பெயரால் ஹியூகோ ஆனது. 1963இல் 'லைஃப்' சஞ்சிகை அவரைப் படமெடுத்தது: 79 வயதை நெருங்கிய முதியவர், மூக்கின்மேல் இரண்டு குட்டித் திரைகள், மேலே இரண்டு கம்பிகள். தொலைக்காட்சிக் கண்ணாடியாம். மெய்நிகர்க் கண்ணாடிகள் விற்பனைக்கு வந்த பிறகு அந்தப் படம் இணையத்தில் மீண்டும் சுற்றியது.

கெர்ன்ஸ்பேக் 1967 ஆகஸ்ட் 19ஆம் தேதி நியூயார்க்கில் காலமானார். வயது 83. பாஸ்டன் விமான நிலையத்தில் அந்தத் தாதி மருத்துவருக்காகத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தது அதற்கு அடுத்த ஆண்டு. கெர்ன்ஸ்பேக்குக்கு ஈமச்சடங்கும் கல்லறையும் இல்லை. தன் உடலைக் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்குத் தானமாகக் கொடுத்திருந்தார். மருத்துவ மாணவர்கள் கையால் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காக.